34 யூனிட் கூடியதற்கு 496 ரூபாய் கூடுமா? வீட்டு மின்கட்டணம் உயரவில்லை என்றார்களே

வெட்டாறு (கேள்வி), 2025 ஆகஸ்ட் 17

எங்கள் வீட்டு இணைப்பு எல்.டி. 1-ஏ (வீடுகளுக்கான கட்டண வகை), சிங்கிள் ஃபேஸ். போன கணக்கெடுப்பில் 488 யூனிட், பில் 1,729 ரூபாய். இந்த முறை 522 யூனிட், பில் 2,225 ரூபாய். யூனிட் 34 கூடியிருக்கிறது, தொகை 496 கூடியிருக்கிறது.

ஜூலை 1 முதல் மின்கட்டணம் 3.16 சதவீதம் உயர்வு என்று ஒரு வாட்ஸாப் செய்தி வந்தது. வீடுகளுக்கு உயர்வு கிடையாது, அந்தச் சுமையை அரசே ஏற்கும் என்று அடுத்த நாளே இன்னொரு செய்தி. இரண்டாவது உண்மை என்றால் எனக்கு ஏன் ஏறியது? கூடிய 34 யூனிட்டையும் 8.40 ரூபாய் விலையில் போட்டாலும் 285.60தான் வருகிறது. மீதி 210 ரூபாய் எதற்கு?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். காஸ் சிலிண்டர் விலை குறைந்தது என்று ஜூலை 1, ஆகஸ்ட் 1 இரண்டு தேதியிலும் தொலைக்காட்சியில் ஓடியது. ஏஜென்சியில் கேட்டால் பழைய விலைதான் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

மீட்டர் ஓடுவதில் கோளாறா, பில் கணக்கில் கோளாறா, எனக்குத்தான் கணக்கு தெரியவில்லையா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

—

ஸ்லாப்_கணக்கு (பதில்)

வெட்டாறு ஐயா, பில் சரி. இரண்டு செய்தியும் சரி. ஏறியது விலை இல்லை, நீங்கள் 500-ஐத் தாண்டியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 3.16-ஐ முடித்துவிடுவோம். 2022 செப்டம்பரில் வந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவிலேயே, ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் மாறும், 6 சதவீதத்துக்கு மேல் போகாது என்று இருக்கிறது. அதன்படி 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம். இதில் 2023 உயர்வையும் 2025 உயர்வையும் வீட்டு இணைப்புகளுக்கு அரசே மானியமாகக் கட்டுகிறது. 2024 உயர்வு மட்டும் நம் தலையில் இறங்கியது. அதனால் ஆணையத்தின் அட்டவணையில் ஒரு விலை இருக்கும், நாம் கட்டுவது வேறு விலையாக இருக்கும். முதல் 400 யூனிட்டுக்கு அட்டவணை விலை 4.80-இலிருந்து 4.95 ஆனது. நாம் கட்டுவது 4.70, அது மாறவில்லை. வாட்ஸாப்பில் 4.95, 6.65, 8.80 என்று சுற்றும் படம் பொய் இல்லை. அது மானியம் கழிப்பதற்கு முந்தைய விலை, அவ்வளவுதான்.

2025 ஆகஸ்ட் நிலவரப்படி வீட்டுக்காரர் கையிலிருந்து போகும் விலை, இரண்டு மாதத்துக்கு:

மொத்தம் 500 வரை இருந்தால்: முதல் 100 இலவசம், 101–200 வரை 2.35, 201–400 வரை 4.70, 401–500 வரை 6.30.

மொத்தம் 500-ஐத் தாண்டினால்: முதல் 100 இலவசம், 101–400 வரை 4.70, 401–500 வரை 6.30, 501–600 வரை 8.40, 601–800 வரை 9.45, 801–1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

இரண்டாவது வரியில் 2.35 என்ற விலையே இல்லை, கவனித்தீர்களா? 501-ஆவது யூனிட் ஓடியதும் 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டும் பாதி விலையிலிருந்து முழு விலைக்கு மாறிவிடும். அந்த ஒரு மாற்றமே 235 ரூபாய். நிறையப் பேர் 500-க்கு மேல் போன யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, பின்னால் போயும் கூடும்.

உங்கள் கணக்கு இது. 488 யூனிட்டுக்கு 235 + 940 + 554.40 = 1,729.40. 522 யூனிட்டுக்கு 1,410 + 630 + 184.80 = 2,224.80. வித்தியாசம் 495.40. இதைப் பிரித்தால் 488-லிருந்து 500 வரை 12 யூனிட் 6.30 விலையில் 75.60, பாதி விலைச் சலுகை போனதில் 235, 500-க்கு மேல் 22 யூனிட் 8.40 விலையில் 184.80. பைசா பிசகாமல் உட்காருகிறது.

சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805. 501 என்றால் 2,048.40. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243.40 ரூபாய். இந்தப் படி (500-ஐத் தாண்டியதும் பில் தாவும் இடம்) 2022-லேயே இருந்தது, இந்த ஜூலையில் முளைத்தது அல்ல. அன்றைய விலையில் 500-க்கு 1,725, 501-க்கு 1,958. வீட்டு இணைப்புக்கு இருந்த நிலைக்கட்டணத்தை அந்த 2022 உத்தரவில்தான் எடுத்தார்கள். அது குறைந்ததைப் பார்த்தவர்கள் இந்தப் படியைப் பார்க்கவில்லை.

பொதுவாகப் பில் திடீரென்று ஏறினால் வைப்புத்தொகை சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பயன்பாடு கூடிய வீடுகளில் பழைய வைப்புத்தொகை போதவில்லை என்றால் கூடுதலாகக் கேட்பார்கள். அது மின்கட்டணத்தோடு ஒரே தொகையாகத் தெரியும். எதிர்ப்பக்கமாக, வைப்புத்தொகைக்கான வட்டி வரவு வைக்கப்படும் பில் குறைந்து வரும். அதைக் கட்டணக் குறைப்பு என்று நினைக்கக் கூடாது. உங்கள் தொகை ஸ்லாபோடு (விலை அடுக்கோடு) நேராக ஒத்துப்போவதால் இரண்டும் உங்களுக்கு இல்லை.

ஒரு விவரம் மட்டும் வேண்டும். வெள்ளை அட்டையில் கடைசி மூன்று ரீடிங்கும் அவற்றின் தேதியும் என்ன? யூனிட்டை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

—

வெட்டாறு

ரொம்ப நன்றி ஐயா. அட்டையில் இருப்பது: ஏப்ரல் 10 அன்று 17,736. ஜூன் 9 அன்று 18,224. ஆகஸ்ட் 14 அன்று 18,746. வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மூன்று மின்விசிறி, ஃபிரிட்ஜ், கொல்லையில் ஒரு எச்.பி. மோட்டார், ராத்திரியில் ஒரு ஏசி கொஞ்ச நேரம்.

—

ஸ்லாப்_கணக்கு

நினைத்தது சரிதான். ஏப்ரல் 10-லிருந்து ஜூன் 9 வரை 60 நாள். ஜூன் 9-லிருந்து ஆகஸ்ட் 14 வரை 66 நாள்.

நாள் கணக்கில் பாருங்கள். போன முறை 488-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 8.13 யூனிட். இந்த முறை 522-ஐ 66-ஆல் வகுத்தால் 7.91. நீங்கள் குறைவாகத்தான் செலவழித்திருக்கிறீர்கள்! ஆறு நாள் தள்ளி ரீடிங் எடுத்ததால் 500 தாண்டிவிட்டது. 60-ஆவது நாளே எடுத்திருந்தால் 475 யூனிட், பில் 1,647.50. போன பில்லைவிடக் குறைந்திருக்கும்.

அடுத்த முறை நாள் குறையும், அங்கே சரியாகிவிடும் என்பார்கள். சரியாகாது. அக்டோபர் 8-இல் வந்து எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 55 நாள், இதே வேகத்தில் 435 யூனிட், 1,395.50 ரூபாய். இரண்டு பில்லும் சேர்த்து 3,620.30. அதே 957 யூனிட் 475, 482 என்று பிரிந்திருந்தால் 3,339.10. கையை விட்டுப் போனது 281.20. யூனிட் அடுத்த பில்லில் ஈடாகும், போன சலுகை ஈடாகாது. தீபாவளியை ஒட்டியோ தேர்தல் வேலையாலோ மழையாலோ ரீடிங் தள்ளிப்போகும்போதெல்லாம் 450–500-க்குள் ஓடும் வீடுகள்தான் இதில் மாட்டுகின்றன. 300 யூனிட் வீட்டுக்கு ஆறு நாள் தாமதம் பெரிய வித்தியாசம் தராது.

செய்ய வேண்டியது இது. பில்லை முதலில் கட்டிவிடுங்கள், வழக்கு நடத்துகிறேன் என்று கட்டாமல் இருந்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள். கட்டிய கையோடு உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு. நகலை வருவாய்ப் பிரிவுக்கும் கொடுங்கள். மனுவில் கோபம் வேண்டாம், எண்கள் போதும்: இணைப்பு எண், மூன்று ரீடிங், மூன்று தேதி, 66 நாள் என்பது, 60 நாளுக்குப் பிரித்தால் 475 யூனிட் என்பது, மீதி 47 யூனிட்டை அடுத்த கணக்கில் சேர்த்துத் திருத்தக் கோருவது. வெள்ளை அட்டையின் நகலை இணையுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். மின்னகம் (மின்வாரியத்தின் புகார் மையம்) எண் 94987 94987-லும் புகார் பதியலாம். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை, அல்லது மறுத்தார்கள் என்றால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர். இந்த வரிசை தாண்டி நேராக மேலே போனால் திருப்பி அனுப்புவார்கள்.

கட்டாயம் திருத்தித் தருவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள் கணக்கில் பிரிப்பது புதிய யோசனை இல்லை. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க முடியாமல் போனபோது, நான்கு மாத யூனிட்டைக் கூட்டி இரண்டாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கும் தனித்தனியே 100 யூனிட் இலவசம் கொடுத்துத்தான் பில் போட்டார்கள். முன்பு கட்டிய ரூபாயைக் கழித்தார்களே தவிர யூனிட்டைக் கழிக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. நீதிமன்றம் வாரியத்தின் முறையை ஏற்றுக்கொண்டது. வீடு பூட்டிக் கிடந்து ரீடிங் எடுக்காமல் போனவர்களுக்கும் இந்தப் பிரிப்பு முக்கியம்: நான்கு மாத யூனிட் ஒரே பில்லில் விழுந்திருந்தால் சும்மா விடாதீர்கள்.

—

பழைய_வயரிங் (பதில்)

கணக்கு முடிந்தது. ஆனாலும் மீட்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதைச் சோதிக்காமல் விட வேண்டாம். டெல்டாவில் பழைய வீடுகளில் ஒரு குறிப்பிட்ட கோளாறு அடிக்கடி வரும்.

முதலில் மீட்டரின் வேகம். முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 இம்ப்பல்ஸ் அல்லது 1600 இம்ப்பல்ஸ் என்று எழுதியிருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு 100 வாட் குண்டு பல்பைப் போடுங்கள். 3200 மீட்டர் என்றால் மூன்று நிமிடத்தில் 16 முறை மின்ன வேண்டும். 1600 என்றால் 8 முறை. மின்னழுத்தம் கூடக் குறைய இருப்பதால் ஒன்றிரண்டு மாறலாம். 16 வர வேண்டிய இடத்தில் 25 வந்தால் எழுதிக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் உண்டு. அயர்ன் பாக்ஸை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதில் தெர்மோஸ்டாட் விட்டு விட்டு அணைக்கும், எண்ணிக்கை தப்பும்.

அடுத்து, எல்லா சுவிட்சையும் அணைத்து மெயினை மட்டும் போட்டு வைத்துக்கொண்டு புள்ளியைப் பாருங்கள். மின்னக் கூடாது. மின்னினால் இரண்டு காரணம்.

ஒன்று, ஈரச் சுவரில் கசிவு. ஆற்றங்கரை மண்ணில் அஸ்திவாரத்திலிருந்தே ஓதம் ஏறும். சுவருக்குள் புதைத்த பழைய வயரின் உறை உளுத்துப்போனால் கரண்ட் சுவர் வழியே மண்ணுக்கு இறங்கும். அரை ஆம்பியர் கசிந்தாலே 115 வாட். ஒரு நாளைக்கு 2.76 யூனிட், இரண்டு மாதத்தில் 165. பணத்தைவிட உயிருக்கு ஆபத்து இதில்தான். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டியிருந்தால் இந்த அளவு கசிவதற்கு எத்தனையோ முன்பே விழுந்திருக்கும். மாட்டியும் அடிக்கடி விழுகிறது என்று அதை நேரடியாக இணைத்து விட்டிருக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், விழுவது அதன் வேலை.

இரண்டாவது காரணம் யாரும் யோசிக்காதது: பாகம் பிரித்த வீடு. அண்ணன் தம்பி நடுவில் சுவர் எழுப்பித் தனி இணைப்பு வாங்கியிருப்பார்கள். கரண்ட் வரும் ஃபேஸ் வயரைப் பிரித்திருப்பார்கள், கூரைக்கு அடியில் ஓடும் பழைய நியூட்ரலை (கரண்ட் திரும்பும் வயரை) பிரிக்காமல் விட்டிருப்பார்கள். இன்றைய மீட்டர்கள் திருட்டைத் தடுப்பதற்காக ஃபேஸ், நியூட்ரல் இரண்டு கம்பியிலும் கரண்டை அளக்கும். இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்ளும். பக்கத்துப் பாகத்தில் ஏசி ஓடும்போது அந்தக் கரண்ட் உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பினால் அது உங்கள் மீட்டரில் ஏறும். அவர்கள் மீட்டரிலும் ஏறும். ஒரே மின்சாரத்துக்கு இரண்டு வீடும் பணம் கட்டும்.

கண்டுபிடிப்பது எளிது. உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள், மெயின் போட்டபடி இருக்கட்டும். பக்கத்து வீட்டில் வாட்டர் ஹீட்டரையோ மோட்டாரையோ போடச் சொல்லுங்கள். அவர்கள் போட்டதும் உங்கள் மீட்டர் மின்ன ஆரம்பித்து, நிறுத்தியதும் நின்றால் நியூட்ரல் கலந்திருக்கிறது. சில மீட்டர்களில் எர்த் என்று குறித்த சின்ன விளக்கும் எரியும். சரிசெய்ய வயர்மேனை வைத்து ஜங்ஷன் பாக்ஸ் ஒவ்வொன்றாகத் திறந்து நியூட்ரலைப் பிரிக்க வேண்டும். மீட்டரையோ அதன் முத்திரையையோ தொடவே கூடாது, கோளாறு மீட்டருக்கு இந்தப் பக்கம்தான்.

கொல்லை மோட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 1.1 யூனிட் இழுக்கும். தொட்டி நிரம்ப முன்பு 20 நிமிடம் ஆனது இப்போது 40 நிமிடம் ஆகிறது என்றால் ஃபுட் வால்வு (குழாயின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுப்பது) கசிகிறது, அல்லது குழாயில் காற்று இழுக்கிறது. குடிக்க, குளிக்க ஓடுவதோடு வாழைக்கும் தென்னைக்கும் அதே மோட்டார் ஒரு மணி நேரம் பாய்ந்தால் இரண்டு மாதத்தில் 66 யூனிட் அதற்கே போய்விடும். அதற்காக வயல் பம்புசெட்டின் இலவச இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். பிடிபட்டால் அபராதத்தோடு விவசாய இணைப்பும் சிக்கலாகும்.

—

மாடிப்போர்ஷன்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். வாடகை வீடு, ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம். வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். எங்களுக்கு 100 யூனிட் இலவசம் கிடையாதா?

—

அரசலாறு (பதில்)

இலவசம் இணைப்புக்குத்தான், குடித்தனத்துக்கு இல்லை. மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 100. மூன்று பேரும் ஆளுக்கு 300 யூனிட் செலவழித்தால் மீட்டரில் 900. அதற்கு பில் 1,410 + 630 + 840 + 1,890 + 1,050 = 5,820 ரூபாய். சராசரி யூனிட்டுக்கு 6.47. பொது மோட்டார், மாடிப்படி விளக்கு சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 9 ரூபாய் எப்படி வந்தது என்று பில்லைக் காட்டச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள்.

தனித்தனி இணைப்பு இருந்தால் 300 யூனிட்டுக்கு ஒரு வீட்டுக்கு 705, மூன்று வீட்டுக்கும் 2,115. இரண்டு மாதத்துக்கு 3,705 ரூபாய் வித்தியாசம். வீட்டுக்காரரிடம் இந்த எண்ணைக் காட்டினால் கோபப்பட மாட்டார். தனி இணைப்புக்குப் போர்ஷன்கள் தனி வாசல், தனிச் சமையலறை என்று உண்மையிலேயே பிரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டுக்குள் சலுகைக்காக இரண்டாவது இணைப்பு வாங்கினால் ஆய்வில் ஒன்றாக்கச் சொல்வார்கள். ஆதாரை இணைத்தால் இலவசம் போய்விடும் என்று 2022 கடைசியில் ஒரு பயம் கிளம்பியது. இணைத்தவர்களுக்கும் 100 யூனிட் தொடர்ந்து வந்தது.

சிறிய அடுக்குமாடிகளுக்கு உண்மையான ஒரு விலைக்குறைப்பு இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 10 வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருந்தால் பொதுப் பயன்பாட்டு மீட்டருக்கு யூனிட் 8.15 ஆக இருந்ததை 2023 நவம்பர் 1 முதல் 5.50 ஆக்கினார்கள். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் பல இந்த அளவில் இருக்கலாம். உங்கள் பொது மீட்டர் பில் எந்த விலையில் வருகிறது என்று பாருங்கள். பழைய விலையிலேயே வந்தால் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

வெட்டாறு கேட்ட சிலிண்டர் விஷயம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் குறைந்தது 19 கிலோ வணிகச் சிலிண்டர், டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் போவது. அதன் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் ஒன்றாம் தேதி மாற்றுவது வழக்கம். செய்தி ஓடும்போது கீழே ஓடும் வரியில் ‘சிலிண்டர் விலை குறைந்தது’ என்று மட்டும் இருக்கும், 19 கிலோ என்பதைக் கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் 2023 ஆகஸ்ட் 30-இல் 200 ரூபாய் குறைந்தது, 2024 மார்ச்சில் 100 குறைந்தது, 2025 ஏப்ரல் 8-இல் 50 ஏறியது. அதன் பிறகு 2025 ஆகஸ்ட் வரை அசையவில்லை. ஏஜென்சி சொன்னது சரி.

உஜ்வலா இணைப்புக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில்தான் விழும், வாசலில் முழு விலை கொடுத்தே ஆக வேண்டும். 2025-26 நிதியாண்டில் 9 சிலிண்டர் வரைதான் அந்த மானியம். விலை ஊருக்கு ஊர் சில ரூபாய் மாறுவது போக்குவரத்துச் செலவால். ரசீதில் இருக்கும் தொகைக்குள்ளேயே வீட்டுக்குக் கொண்டுவரும் கூலியும் இருக்கிறது.

—

டி.ஆர்.பட்டினம்

காரைக்கால்காரர்கள் இந்த ஸ்லாப் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாகூரைத் தாண்டி வாஞ்சூர் வந்தாலே வேறு அரசு, வேறு மின்துறை, கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையமும் வேறு. எங்களுக்கு மாதம் ஒரு பில். நாகப்பட்டினத்து உறவினரின் 400 யூனிட் பில்லையும் காரைக்காலின் 400 யூனிட் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள். ஒன்று இரண்டு மாதத்துக்கு, மற்றது ஒரு மாதத்துக்கு.

தமிழ்நாட்டிலும் மாதாமாதம் ரீடிங் எடுத்தால் 500-ஐத் தாண்டாமல் தப்பிக்கலாம் என்கிறார்களே, அது சரியா?

—

ஸ்லாப்_கணக்கு

அடுக்குகளையும் பாதியாக்காமல் எடுத்தால் எல்லோருக்கும் லாபம். பாதியாக்கினால் எல்லோருக்கும் லாபம் என்று சொல்ல முடியாது. மே மாதம் 300, ஜூன் மாதம் 200 ஓடும் வீட்டை எடுங்கள். இரண்டு மாத முறையில் மொத்தம் 500, பில் 1,805. மாதம் 50 இலவசம், 250-இல் படி என்று பாதியாக்கினால் 300-க்கு 1,440, 200-க்கு 587.50, கூட்டினால் 2,027.50. வெயில் மாதத்தில் ஏசி போடும் வீட்டுக்கு நட்டம். மாத ரீடிங் கேட்பவர்கள், அடுக்குகள் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வெட்டாறு ஐயா, உங்களுக்கு வேண்டியது 500 என்ற எண் இல்லை, ஒரு நாளைக்கு 7.5 என்ற எண். அந்த வேகத்தில் போனால் 66 நாள் கழித்து ரீடிங் எடுத்தாலும் 495தான். இப்போது 7.91-இல் இருக்கிறீர்கள், 0.41 குறைத்தால் போதும். 75 வாட் பழைய மின்விசிறி ஒன்றைக் கழற்றி 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டினால், 12 மணி நேரம் ஓடும் அறையில் நாளுக்கு 0.54 யூனிட் குறையும். ஒரே விசிறி போதும், அதிகம் ஓடும் அறையில் மாட்டுங்கள். கூடத்தில் எப்போதாவது ஓடுவதை மாற்றிப் பயன் இல்லை.

உங்கள் ரீடிங் ஆகஸ்ட் 14-இல் 18,746. அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்: செப்டம்பர் 13-இல் 18,971-க்குள். செப்டம்பர் 28-இல் 19,083-க்குள். அக்டோபர் 13-இல் 19,196-க்குள். அன்று அறுபதாவது நாள். அதற்குள் யாரும் ரீடிங் எடுக்க வரவில்லை என்றால் தேதி தெரியும்படி மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அன்றே மின்னகத்தில் புகார் பதியுங்கள். 19,246 வரை போனால் 500, அதற்கு மேல் ஒன்று ஓடக் கூடாது.

—

வெட்டாறு

எழுதி வைத்துவிட்டேன். பக்கத்து வீடு சித்தப்பா பாகம்தான், நடுச்சுவர் மட்டும்தான் புதுசு. நாளைக் காலையில் அவர்கள் மோட்டார் போடும் நேரத்தில் மெயினைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்க்கிறேன். மனுவையும் திங்கள்கிழமை கொடுத்துவிடுகிறேன்.